நாடி பிடித்தால் துடிக்காது

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 58 வயது. தோட்டத்தில் பிறந்து, பால்மரம் சீவி, பிறகு லோரி ஓட்டியவர். இரண்டு முறை மாரடைப்பு வந்து, இப்போது இருதயம் நன்றாகத் தளர்ந்துவிட்டது. மருந்து போதாத நிலை வந்தால் இயந்திரப் பம்ப் ஒன்றைப் பொருத்துவது பற்றி யோசிக்கலாம் என்று கோலாலம்பூரில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் அதைப் பற்றித்தான் பேச்சு. "அதைப் பொருத்தினால் கையில் நாடியே இருக்காதாமே, அப்புறம் பிரஷரை எப்படிப் பார்ப்பது? இருதயம் துடிக்காதது அவர் உடம்புக்குத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில் உண்டு. இரண்டாவது கேள்வியைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். உடம்புக்குத் தெரியுமா, தெரிந்தால் என்ன செய்யும் என்று ஆராய்ச்சியாளர்கள் பல வருடங்களாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் நாட்டில் 'இயந்திர இருதயம்' என்ற சொல் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது 2007ஆம் ஆண்டில். ஜொகூரைச் சேர்ந்த 14 வயது டீ ஹுய் யீ, ஐஜேஎன் என்று நாம் சொல்லும் தேசிய இருதயக் கழகத்தில், ஒரு வருடத்துக்கும் மேலாக இயந்திரத்தின் துணையோடு மாற்று இருதயத்துக்காகக் காத்திருந்தார். அந்த அக்டோபர் மாதத்தில், விபத்தில் இறந்த ஒரு பேராக் பையனின் இருதயம் அவருக்குக் கிடைத்தது. உடம்பு அதை ஏற்கவில்லை. மறுநாளே வேறொருவரின் இருதயம் கிடைத்து, அது நிலைத்தது. தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து நாடே அழுத நாட்கள் அவை. இருதயத்தைக் கொடுத்த இரண்டு குடும்பங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும்.

பம்புக்கு வருவோம். இன்று பெரியவர்களுக்குப் பொருத்துவது முழுச் செயற்கை இருதயம் அல்ல. சொந்த இருதயம் உள்ளேயே இருக்கும். அதன் இடது கீழறையின் நுனியில் ஒரு சின்னப் பம்பைச் செருகித் தைத்துவிடுவார்கள். அது அங்கிருந்து ரத்தத்தை இழுத்து, ஒரு குழாய் வழியாக மகாதமனிக்குள் தள்ளும். வயிற்றுத் தோல் வழியாக ஒரு கம்பி வெளியே வந்து, இடுப்பில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும். பெட்டிக்கு இரண்டு பேட்டரி. இரவில் தூங்கும்போது சுவர் மின்சாரம்.

ஆரம்ப காலப் பம்புகள் இருதயத்தைப் போலவே லப்-டப் என்று அழுத்தி விட்டு அழுத்தி விட்டுத்தான் வேலை செய்தன. பார்க்க இயற்கையாக இருந்தாலும் வால்வும் சவ்வும் சீக்கிரம் தேய்ந்துவிடும். பிறகு வந்தது சுழலும் பம்ப். அதற்குள் ஒரு சின்னச் சக்கரம், கிணற்றுத் தண்ணீரை ஏற்றும் மோட்டாரைப் போல, நிற்காமல் ஓடும். 'ஹார்ட்மேட் 2' என்ற பம்பில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 9,000 சுற்று. இப்போது அதிகம் பயன்படும் 'ஹார்ட்மேட் 3'இல் 5,000 முதல் 6,000 சுற்று. இதில் சக்கரம் எதையும் தொடாமல் காந்த விசையில் மிதக்கிறது.

2009இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இரண்டு வகைகளையும் ஒப்பிட்டது. துடிக்கும் பம்ப் வைத்தவர்களில் இரண்டு வருடத்துக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 24 விழுக்காடு, சுழலும் பம்ப் வைத்தவர்களில் 58 விழுக்காடு. அதோடு துடிக்கும் பம்பின் காலம் முடிந்தது என்றே சொல்லலாம். அமெரிக்க முன்னாள் துணையதிபர் டிக் சேனி 2010 ஜூலையில் சுழலும் பம்ப் பொருத்திக்கொண்டு, 2012 மார்ச்சில் மாற்று இருதயம் கிடைக்கும்வரை அதோடுதான் நடமாடினார்.

சுழலும் பம்பில் ரத்தம் அலை அலையாகப் போகாது, குழாய்த் தண்ணீர் போல ஒரே சீராகப் போகும். அதனால்தான் மணிக்கட்டில் நாடி கிடைப்பதில்லை. சொந்த இருதயம் இன்னும் மெதுவாக அசைவதால் சிலருக்கு லேசாக ஏதோ தட்டுப்படும். ஆரோக்கியமான ஒருவருக்கு மேல் அழுத்தம் 120, கீழ் அழுத்தம் 80 என்றால் இடைவெளி 40. இவர்களில் பலருக்கு அந்த இடைவெளி 10, 15 என்று சுருங்கிவிடும்.

தோட்டத்து மனிதர்களுக்கு இது புரியாத சங்கதியாக இருப்பதில் ஆச்சரியமில்லை. வைத்தியர் வந்தால் முதலில் நீட்டுவது கையைத்தான். தோட்டத்து டிரெஸ்ஸர் மூன்று விரலை மணிக்கட்டில் வைத்துவிட்டுத் தலையை ஆட்டினால் லயத்தில் ஒப்பாரி கிளம்பிவிடும். நாடி நின்றது என்றால் ஆள் போய்விட்டார் என்று நம்பிய சமூகம் இது. நாடி இல்லாமல் ஒருவர் எதிரே உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிக்கிறார் என்றால் நம்பத்தான் சிரமம்.

இனி வாசகியின் இரண்டாவது கேள்வி. நம் உடம்பு ரத்த அழுத்தத்தை எப்படிக் கண்காணிக்கிறது?

தாடைக்குக் கீழே, குரல்வளைக்குப் பக்கத்தில், கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும். அந்த இடத்தில் தமனியின் சுவர் கொஞ்சம் புடைத்திருக்கும். அதற்குள் நுண்ணிய நரம்பு முனைகள் பின்னிக் கிடக்கின்றன. மகாதமனியின் வளைவிலும் இதே ஏற்பாடு உண்டு. ரத்தம் பாய்ந்து சுவர் விரியும்போது இந்த முனைகள் இழுபட்டு மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் செய்தி அனுப்பும். அழுத்தம் கூடினால் செய்தி அதிகம் போகும். உடனே முகுளம் வேகஸ் நரம்பின் வழியாக இருதயத்தை மெதுவாக்கும், ரத்தக் குழாய்களை இறுக்கும் பரிவு நரம்புகளை அடக்கும். அழுத்தம் குறைந்தால் எல்லாம் தலைகீழ். ஒன்றிரண்டு இருதயத் துடிப்புக்குள் முடிந்துவிடும் வேலை இது.

மகாதமனியிலிருந்து போகும் நரம்பை 1866இலேயே ஜெர்மனியில் லுட்விக்கும் சியோனும் கண்டுபிடித்தார்கள். அந்த நரம்பு முனை இழுபடுவதை எப்படி மின் செய்தியாக்குகிறது என்பது தெரிய 2018 ஆகிவிட்டது. பியெசோ 1, பியெசோ 2 என்ற இரண்டு புரதங்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன என்று எலிகளில் காட்டினார்கள். அவற்றை முதலில் கண்டுபிடித்த ஆர்டெம் பட்டபூட்டியானுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

படுத்திருந்து எழுந்து நின்றால் ஏறக்குறைய அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். தலை சுற்றாமல் நாம் நிற்க முடிவது இந்த நரம்புகளின் தயவு. தைப்பூசத்தன்று கல்லுமலைக் கோயிலில் வெயிலில் வரிசையில் நின்று திடீரென்று சரிந்து விழுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் குடிக்காமல், அசையாமல் நின்று, இந்த ஏற்பாடு சமாளிக்கும் எல்லையைத் தாண்டிப் போனவர்கள் அவர்கள்.

பால்மரத்துக்கும் பிரஷர் உண்டு என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இருட்டோடு போய்ச் சீவினால்தான் மங்கு நிறையும் என்பது பெரட்டுக்கு ஓடிய ஒவ்வொருவருக்கும் தெரியும். விடியும் முன் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் 10 வளிமண்டல அளவுக்கு இருக்கும். நம் ரத்த அழுத்தம் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. வெயில் ஏறி இலை வழியே நீர் போகப் போக அழுத்தம் இறங்கும், பால் ஓட்டமும் குறையும். மரத்துக்கு அதை உடனே தூக்கி நிறுத்த நரம்பு இல்லை. நமக்கு இருக்கிறது.

இந்த நரம்பு முனைகளுக்கு ஒரு குணம். அழுத்தம் எவ்வளவு என்பதைவிட, அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதில்தான் அவற்றுக்கு அக்கறை அதிகம். ரப்பர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களைக் கேளுங்கள். வெளியூரிலிருந்து வருபவர் மூக்கைப் பொத்துவார், குடியிருப்பவருக்கு நாற்றமே தெரியாது. ஒரே மாதிரி இருக்கும் எதையும் உணர்வு நரம்புகள் கொஞ்ச நேரத்தில் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். ஒவ்வொரு துடிப்பும் அந்த முனைகளைப் புதிதாகத் தட்டி எழுப்புகிறது. தட்டுவது நின்றால்?

டல்லாஸ் நகரில் மார்க்கம், லெவின் முதலியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் சோதித்தார்கள். துடிக்கும் பம்ப் வைத்தவர்கள், சுழலும் பம்ப் வைத்தவர்கள், ஆரோக்கியமானவர்கள் என்று மூன்று தரப்பு. ஒவ்வொருவரையும் கட்டிலோடு கட்டிச் சாய்த்து நிமிர்த்தினார்கள். அதே நேரம் முழங்காலுக்குக் கீழே ஓடும் நரம்பில் மெல்லிய ஊசியைச் செருகி, பரிவு நரம்பின் பேச்சை நேரடியாகப் பதிவு செய்தார்கள். (இந்த ஊசி முறையை 1960களில் உருவாக்கிய சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஹாக்பார்த்தும் வால்போவும் முதலில் தங்கள் சொந்தக் கைகளிலேயே குத்திப் பார்த்தார்கள். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன், பின்பற்ற மாட்டேன்.) துடிப்பில்லாத பம்ப் வைத்தவர்களின் பரிவு நரம்புகள் மற்ற இரண்டு தரப்பையும்விட மிக அதிகமாக இயங்கிக்கொண்டிருந்தன.

ஆக, உடம்புக்குத் தெரிகிறது. ரத்தம் போதுமான அளவுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆனால் தட்டும் செய்தி வராததால் முகுளம் ஏதோ ஆபத்து என்று எடுத்துக்கொண்டு, குழாய்களை இறுக்கு, இறுக்கு என்று கட்டளை போட்டுக்கொண்டே இருக்கிறது. 2015இல் இதே டல்லாஸ் குழுவினர் இன்னொன்றையும் காட்டினார்கள். பம்பின் வேகத்தை மாற்றிக் கொஞ்சம் துடிப்பு திரும்பும்படி செய்தால் பரிவு நரம்பின் இரைச்சல் குறைகிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஜெர்மனியின் ஹானோவரில் 2012இல் இதே ஊசி முறையில் பார்த்தவர்கள், மிகச் சிறிய துடிப்பு மிஞ்சியிருந்தாலும் நரம்பு அதைப் பிடித்துக்கொண்டு அதற்கேற்ப இயங்குகிறது என்று கண்டார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால், கண்காணிப்பு செத்துவிடவில்லை, காது மந்தமானவரைப் போல ஆகிவிடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மெதுவாகப் பேசினாலும் கேட்கும், ஆனால் பேச வேண்டும். அதனால், சொந்த இருதயத்தில் இன்னும் எவ்வளவு அசைவு மிச்சமிருக்கிறது என்பது இங்கே பெரிய விஷயமாகிறது.

பரிவு நரம்பு எந்நேரமும் இறுக்கிக்கொண்டிருந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். சுழலும் பம்புக்கு எதிர் அழுத்தம் ஆகாது. குழாய்கள் இறுகி அழுத்தம் ஏறினால் அதே வேகத்தில் சுற்றினாலும் அது தள்ளும் ரத்தம் குறைந்துவிடும். அதைவிட மோசம் பக்கவாதம். பம்ப் வைத்தவர்களுக்கு உயர் ரத்த அழுத்தமும் பக்கவாதமும் கைகோத்து வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் சராசரி அழுத்தத்தை 90க்குள் வைத்திருக்க மருத்துவர்கள் பாடுபடுகிறார்கள். பம்ப் வைத்த பிறகும் பிரஷர் மாத்திரை தொடர்வதைப் பார்த்து, "பம்ப்தான் இருக்கிறதே, மாத்திரை எதற்கு" என்று வீட்டில் யாராவது நிறுத்திவிடக்கூடாது.

எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. நாம் எழுந்து நின்றால் இருதயம் தானாக வேகம் கூட்டும். பம்பின் வேகத்தை மருத்துவர் ஒரு அளவில் வைத்திருப்பார், அது எழுந்ததையும் உட்கார்ந்ததையும் அறியாது. வயிற்றுப்போக்கு, வாந்தி, அல்லது வெயிலில் வியர்த்துக் கொட்டி உடம்பில் நீர் வற்றினால் உள்ளே இழுக்க ரத்தம் போதாமல் பம்ப் இருதயச் சுவரையே உறிஞ்சப் பார்க்கும். அப்போது அலாரம் அடிக்கும், தலை சுற்றும்.

பிரஷர் பார்க்கும் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நாம் வைத்திருக்கும் மின்னணுக் கருவி துடிப்பைத் தேடித்தான் கணக்குப் போடுகிறது. துடிப்பு இல்லையென்றால் 'பிழை' என்று காட்டும், அல்லது ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். இரண்டாவதுதான் ஆபத்து. இவர்களுக்குக் கையில் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் டாப்ளர் என்ற ஒலிக்கருவியை வைத்து, பட்டையைத் தளர்த்தும்போது ரத்த ஓட்டத்தின் 'உஷ்' சத்தம் திரும்பும் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். மேல், கீழ் என்று இரண்டு எண் கிடையாது, ஒரே எண்தான்.

துடிப்பில்லாததோடு இணைந்த இன்னொரு தொல்லை குடலில் ரத்தக்கசிவு. வேகமாகச் சுழலும் சக்கரம் ரத்தம் உறைய உதவும் ஒரு பெரிய புரதத்தைச் சிதைத்துவிடுகிறது. குடலில் மெல்லிய குழாய்கள் தாறுமாறாக முளைக்கின்றன. போதாததற்கு, பம்பில் கட்டி பிடிக்காமல் இருக்க வார்ஃபரின் மாத்திரையும் சாப்பிட வேண்டும். மலம் கறுத்துப் போனால் உடனே சொல்ல வேண்டும்.

ஹார்ட்மேட் 3 பம்ப் இரண்டு விநாடிக்கு ஒரு முறை தன் வேகத்தைச் சட்டென்று குறைத்துக் கூட்டும். விளம்பரத்தில் அதைச் செயற்கைத் துடிப்பு என்கிறார்கள். முக்கிய நோக்கம் பம்பின் உள்ளே ரத்தம் தேங்காமல் கழுவிவிடுவது. இயற்கையான நாடியை அது திருப்பித் தருகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் இந்தப் பம்ப் முந்தியதைவிட நல்லது என்பதில் சந்தேகமில்லை. 2022இல் வந்த ஐந்தாண்டுக் கணக்கில் ஹார்ட்மேட் 3 வைத்தவர்களில் 58 விழுக்காட்டினரும், ஹார்ட்மேட் 2 வைத்தவர்களில் 44 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தார்கள்.

பம்பும் வேண்டாம், பக்கமும் திருப்ப வேண்டாம் என்று நினைக்கும் வாசகர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. அதே கழுத்து நரம்புகளையும் பரிவு நரம்புகளையும் மெல்ல மெல்லக் கெடுக்கும் நோய் நம் வீடுகளில் ஏற்கெனவே குடியிருக்கிறது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் 31.4 விழுக்காடு. நீண்ட நாள் இனிப்பு நீர் இருந்தால் கால் நரம்பு மரத்துப்போவது எல்லாருக்கும் தெரியும். அழுத்தத்தைச் சரிசெய்யும் நரம்பும் அதே போல மரத்துப்போகலாம் என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. விடியற்காலையில் கழிவறைக்குப் போக எழுந்த பாட்டி கண் இருட்டி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வதற்குப் பின்னால் பல வீடுகளில் இதுதான் இருக்கிறது. 'பித்தம்' என்று சொல்லி எலுமிச்சைச் சாறு கொடுத்துவிட்டுப் போய்விடுகிறோம்.

கண்டுபிடிப்பது எளிது. ஐந்து நிமிடம் படுக்க வைத்துப் பிரஷர் பாருங்கள். எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள். விழாமல் பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அரசாங்க கிளினிக்கில் அடுத்த முறை போகும்போது சொல்லுங்கள். உட்கார வைத்து மட்டும் பார்க்கும் பிரஷரில் இது அகப்படவே அகப்படாது. வாசகியின் அப்பாவுக்கு இனிப்பு நீரும் இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. இருந்தால், பம்ப் பற்றிப் பேசும்போது நரம்புகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதையும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் காது மந்தமானால் நிற்பதே பெரும்பாடு.

அந்தக் குடும்பம் முடிவெடுக்கும் முன் வீட்டையும் ஒரு முறை சுற்றிப் பார்க்க வேண்டும். தாமான் வீடோ பழைய லயத்து வீடோ, மழை பெய்தால் கரண்ட் போகும் இடமா? மாற்றுப் பேட்டரியை யார் சார்ஜ் போடுவது? வயிற்றில் கம்பி வெளியே வரும் இடத்தில் சீழ் பிடிக்காமல் கட்டு மாற்றக் கற்றுக்கொள்ளப்போவது மகளா, மகனா? குளம், ஆறு, நீச்சல் எல்லாம் போச்சு. சோதனைக்கு ஈப்போ தாண்டி 200 கிலோமீட்டருக்கும் மேல் கோலாலம்பூர் போய் வர வேண்டும், யார் வேலையை விட்டுக் கூட்டிப் போவது? முடியாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. இவற்றுக்கெல்லாம் ஆள் இருந்தால் சமையல் செய்து, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, கோயிலுக்கும் போய் வரும் அளவுக்கு வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லி வையுங்கள். அவர் மயங்கிக் கிடந்தால் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு "போய்ட்டாரு" என்று முடிவு கட்டக்கூடாது. மார்பின் இடது பக்கத்தில் காதை வைத்தால் பம்பின் ரீங்காரம் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அலாரம் அடிக்கிறதா, கம்பி கழன்றிருக்கிறதா, பேட்டரி தீர்ந்திருக்கிறதா என்று பார்த்து, 999க்கு அழைத்து 'இருதயப் பம்ப் வைத்தவர்' என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். பம்ப் நின்று, மூச்சும் இல்லாமல், நிறம் வெளுத்துக் கிடந்தால் மார்பை அழுத்தலாம் என்று அமெரிக்க இருதயச் சங்கம் 2017இல் சொல்லியிருக்கிறது. பம்ப் பெயர்ந்துவிடுமோ என்று பயந்து சும்மா நிற்பதுதான் உயிருக்கு ஆபத்து.

வாசகிக்கு ஒரு விஷயம் தனியாக. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அப்பாவின் இருதயத்தின் வலது பக்கம் எப்படி இருக்கிறது என்பது ஒன்று. பம்ப் இடது பக்கத்துக்குத்தான் உதவும், வலது பக்கம் தன் காலில் நிற்க வேண்டும். பேராக்கில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் டாப்ளர் வைத்து இந்தப் பிரஷரைப் பார்க்கத் தெரிந்தவர் எந்த மருத்துவமனையில் இருக்கிறார் என்பது இன்னொன்று. பதிலையும் தொலைபேசி எண்ணையும் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.